சேவு இல்லாத படம்

அத்தியாயம் 11

சேவு ஒரு நாளும் பாண்டிராஜைக் கடித்ததில்லை. அவனைப் பார்த்துக் குரைத்ததுகூட இல்லை. அதுதான் அவனுக்குக் கடுப்பு.

குரைத்தாலாவது 'எனக்கும் அந்த நாய்க்கும் ஆகாது' என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரியலாம். இது அவனை ஒரு ஆளாகவே மதிக்கவில்லையே! அவன் வாசலில் வந்து நின்றால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். ஓ, நீதானா என்று மறுபடியும் மூடிக்கொள்ளும். அடுப்படியில் சுடலைச்செல்வியின் வளையல் சத்தம் கேட்டால் போதும், வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடும்.

தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த வீட்டு நிலவரம் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

கோவில்பட்டியில் செம்மலர் ஸ்டூடியோவைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. மகள் பெயரில் பாண்டிராஜ் நடத்துகிற கடை. போன மழைக்காலத்தில் ஒரு சேவுக் கடையின் பின்னால் கால் ஒடிந்து கிடந்த செவலை நாய்க்குட்டியை அவன் பெண்டாட்டி சுடலைச்செல்வி முந்தானையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். கிடைத்த இடத்தையே பெயராக வைத்தாள். கட்டுப் பிரித்த டாக்டர், காலுக்குப் பலம் வர தினமும் நடக்க விடுங்கள் என்றார். அப்படித்தான் மந்தித்தோப்பு ரோட்டுக் கரிசல் காட்டுக்கு அவளும் நாயும் விடியக்காலை நடை போக ஆரம்பித்தார்கள்.

"வெறுங்கையோட போவானேன், இத வச்சுக்கோ" என்று ஸ்டூடியோவில் தூசி அடைந்து கிடந்த பழைய கேமராவைத் தூக்கிக் கொடுத்தவன் யார்? நம்ம பாண்டிராஜேதான். பட்டனை இரண்டு தடவை அமுக்கினால்தான் ஒரு படம் விழும். அந்த ஓட்டைக் கேமராவில் அவள் எடுத்த படங்களைப் பார்த்த நாளிலிருந்துதான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதில் ஒரு படம், பங்குனியில் எடுத்தது. வெடித்துக் கிடக்கும் கரிசல். நடுவில் ஒரு ஆள்காட்டிக் குருவி இரண்டு றெக்கையையும் விரித்து, வாயைப் பிளந்து திட்டுகிறது. குஞ்சுகள் பக்கத்துப் புல்லுக்குள் பதுங்கியிருக்க வேண்டும். திட்டு வாங்குகிற ஆள் சேவு. தன் உயரத்தில் பாதிகூட இல்லாத குருவிக்கு முன்னால், தப்புச் செய்த பிள்ளை மாதிரி காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிறவனுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் அதைவிட்டு நகராது.

எட்டயபுரத்தில் 'கரிசல் பறவை நண்பர்கள்' என்று ஒரு குழு போட்டி வைத்தார்கள். அதற்கு அனுப்ப படத்தைச் சரிபண்ணிக் கொடுங்கள் என்று செல்வி புருஷனிடம் கேட்டாள். அவன் என்ன செய்தான் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் நாம் பார்த்தோம். வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

அவன் படத்திலிருந்து நாயை அழித்துவிட்டான்.

அது அவனுக்குக் கை வந்த கலை. கல்யாணம் முடிந்து ஆல்பம் அடிப்பதற்குள் சொந்தத்தில் சண்டை வந்துவிடும். "அண்ணாச்சி, அந்தச் சித்தப்பாவ எடுத்துருங்க" என்று வந்து நிற்பார்கள். சித்தப்பா நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி முளைக்கும். அப்படி எத்தனையோ சித்தப்பாக்களை, மைனிமார்களை, ஒரு தாய்மாமனைக்கூட அவன் அழித்திருக்கிறான். ஒரிஜினலை மட்டும் அழிப்பதில்லை. அடுத்த சடங்கு வீட்டில் ராசியாகிவிட்டு, "சித்தப்பாவத் திரும்பப் போட்டுருங்க" என்று வருவார்களே!

இயற்கைப் படத்தில் வீட்டு நாய் இருந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள் என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படி ஒரு விதி உண்டா என்று அவன் பார்க்கவும் இல்லை. மகள் செம்மலர் ஃபைலைத் திறக்காமலேயே போட்டிக்கு அனுப்பினாள். பத்துப் படங்களில் ஒன்றாகத் தேர்வானது. இன்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் பரிசளிப்பு.

இனி இன்றைய கதை.

"நானும் வாரேன்" என்றான் பாண்டிராஜ், விடியக்காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே.

செல்வி நாய்க்குப் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு முந்தி ஒங்களுக்குக் கண்ணே தெரியாதே."

"ஏன், நான் வரக் கூடாதா? ரோடு ஒன் பேர்லயா இருக்கு?"

"வாங்களேன், யாரு வேண்டாம்னா?"

அவளுக்குச் சந்தோஷம்தான். அதைப் பார்க்கவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. புதுக் கேமராவைத் தோளில் தொங்கவிட்டான். ஃபிளாஷும் மேலே உட்கார்ந்திருந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிற சிங்காரத்தோடு பறவைப் படம் பிடிக்கக் கிளம்பியது அந்த ஊரிலேயே அவன் ஒருத்தன்தான்.

அறுவடை முடிந்து, காய்ந்த பருத்திமார் பிடுங்கிய காட்டில் கரிசல் கால் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. சேவு முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்தது. செல்வி வருகிறாளா என்று பார்த்தது. அவன் வருகிறானா என்பது அதற்கு ஒரு விஷயமே இல்லை.

எதிரே ஆடு பத்திக்கொண்டு வந்த வெயிலுகந்தம்மாள் கம்பை ஊன்றி நின்றாள். "என்ன போட்டோக்காரம்மா, இன்னைக்குக் கூட ஆளு வருது? யாரு இவுக?"

"எங்க வீட்டுக்காரவிய அக்கா."

"அப்படியா! இவுகளும் போட்டோ எடுப்பாகளோ?"

பாண்டிராஜுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் தாலி கட்டியவனெல்லாம் இவன் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறான். கரிசல் காட்டில் இவன் போட்டோக்காரம்மாவின் வீட்டுக்காரன்!

"நல்லா எடுப்பாவ. எனக்கே அவியதான் கேமரா கொடுத்தது" என்றாள் செல்வி.

அவள் விட்டுக்கொடுக்காமல்தான் பேசினாள். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. வக்காலத்து வாங்குகிறாளாம், வக்காலத்து!

கொஞ்ச தூரம் போனதும் செல்வி சட்டென்று உட்கார்ந்தாள். சொல்லாமலேயே சேவும் அங்கேயே உட்கார்ந்தது. "அங்கன பாருங்க. அதே குருவி. அசையாதீங்க."

அவன் எங்கே கேட்டான்? கேமராவைத் தூக்கினான். கல்யாண மேடையில் கை பழகிய வேகம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இங்க பாருங்க, இங்க."

பளீரென்று ஃபிளாஷ் அடித்தது. குருவி கத்தி ஊரைக் கூட்டிக்கொண்டு பறந்துபோனது.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "குருவியப் போயி இங்க பாருங்கன்னு... ஐயோ, நாடியக் கொஞ்சம் தூக்கவும் சொல்லியிருக்கலாம்லா?"

"சிரிட்டி, நல்லாச் சிரி. பத்துல ஒண்ணா வந்துட்டோம்னு திமிரு."

அவள் சிரிப்பு நின்றது. "நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோய்ச் சேவுவின் முதுகைத் தடவினாள்.

அப்போதுதான் குறுமலைப் பக்கமிருந்து வெயில் நன்றாக எழுந்து வந்தது. பாண்டிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே பார்த்தான். காய்ந்து வெளிறிக் கிடந்த கரிசலில் சேவுவின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. இரண்டு காதும் விறைத்து நிற்க, நாயைவிட நாலு மடங்கு நீளம்.

அவன் அந்த இரண்டு காதையே உற்றுப் பார்த்தான்.

நிழல்!

நாயை அழித்தான். நிழலை அழித்தானா?

மண்டபத்துக்குள் நிழல் விழாமல் நாலு பக்கமும் லைட் வைப்பதுதான் அவன் தொழில். மணமகன் மூக்கின் நிழல் கன்னத்தில் விழுந்தாலே கோபம் வரும். அவன் அழித்த எந்தச் சித்தப்பாவுக்கும் நிழல் இருந்ததில்லை. ஆகவே நிழலைத் தேட வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"எனக்கு ஸ்டூடியோல வேல கெடக்கு" என்று அங்கிருந்தே திரும்பி நடந்தான். நடந்தான் என்ன, ஓடினான்.

ஸ்டூடியோவுக்கு மாடிப்படி ஏற வேண்டும். கீழே சுல்தான் பாயின் ஜவுளிக்கடை. அவர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி! எட்டயபுரத்துக்கு எப்பக் கெளம்புதிய? மத்தியானத்தோட கடைய அடைச்சிட்டு நானும் வாரேன். தங்கச்சி போட்டோவப் பெருசாப் பிரிண்டு போட்டு மாட்டியிருக்காவளாம்லா?"

"பெருசாவா?"

"ஆளு ஒசரத்துக்கு! ஏன் தம்பி, மூஞ்சி இப்படி வேர்க்குது?"

பதில் சொல்லாமல் மேலே ஏறினான். கம்ப்யூட்டரைத் திறந்தான். முதலில் அனுப்பிய படம். குருவி றெக்கையை விரித்துத் திட்டுகிறது. எதிரே சுத்தமான கரிசல், அவன் ஒவ்வொரு வெடிப்பாக ஒட்டிச் செய்தது. அன்றைக்கு அழுக்குக் கோடு என்று விட்டிருந்த இடத்தைப் பெரிதாக்கினான்.

உட்கார்ந்த ஒரு நாயின் நிழல், இரண்டு காதோடு. நாயைத்தான் காணோம்.

போட்டி நடத்துகிறவர்கள் சின்னத் திரையில் பார்த்தபோது மண்ணின் கறை என்று நினைத்திருப்பார்கள். ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டால் கண்ணில்லாதவனுக்கும் தெரியும்.

பிறகு ஒரிஜினலைத் திறந்தான். சேவு அங்கே இருந்தது, திட்டு வாங்கிக்கொண்டு. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாய் அவளைப் பார்க்கிற பார்வை அவனுக்குத் தெரியும்; இந்தப் படத்தில்கூட அவள் பின்னால் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தானே உட்கார்ந்திருக்கிறது! இந்த ஒரிஜினலையும் அழித்துவிட்டால்? கார்டு கெட்டுப்போச்சு என்றால் யார் என்ன செய்ய முடியும்? அவள் நம்புவாள். அவன் சொன்னால் எதையும் நம்புவாள்.

விரல் பட்டன் மேல் கிடந்தது. கீழேயிருந்து சுல்தான் பாய் யாரிடமோ போனில் சொல்வது கேட்டது. "நம்ம பாண்டி சம்சாரம்ப்பா. ஆமா, முதல் பரிசு அதுக்குத்தான் பாரேன்."

அவன் விரலை எடுத்தான். நல்லவன் ஆனதால் அல்ல. பயத்தில்தான். ஒரிஜினலை ஒரு பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். சொல்லிவிட வேண்டும், எப்படியாவது.

வீட்டில் அதற்குத் தோது இருந்தால்தானே! செம்மலர் அம்மாவின் அரக்குப் பட்டுச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த சந்தோஷமும் சேர்ந்துகொண்டதால் வீடே தாங்கவில்லை.

"ப்பா, அம்மா என்ன சொல்லுதா தெரியுமா? சேவயும் ஆட்டோல கூட்டிட்டுப் போகணுமாம்."

"எதுக்கு?"

கொல்லையிலிருந்து செல்வியின் குரல் வந்தது. "அவன் படத்த அவன் பாக்க வேண்டாமா? அவ்வளவு பெருசா மாட்டியிருக்காவளாம். நானே இன்னும் பாக்கல. நீங்க சரிபண்ணுன பெறகு எப்படி இருக்குன்னு பாக்கணும்னு எனக்குக் கை காலு ஓடல."

போய் நின்றான். செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாய்க்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சேவு நுரைக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"செல்வி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க" என்றவள், அவன் வாயைத் திறப்பதற்குள் தானே பேசினாள். "நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. காலைல சிரிச்சிருக்கக் கூடாது. நீங்க கேமரா கொடுக்கலன்னா நான் எங்கன போயிப் படம் எடுக்க? மேடைல கூப்பிட்டா அதத்தான் சொல்லணும்னு இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து துணி துவைக்கிற கல்மேல் இருந்த அவள் போன் அடித்தது.

"கையெல்லாம் சோப்பு. எடுத்துப் பேசுங்க."

எடுத்தான். போட்டி நடுவர் மாரிசெல்வம் சார், கல்லூரி வாத்தியார். குரல் தன்மையாகத்தான் இருந்தது.

"மேடம் வீட்டுக்காரரா? வணக்கம். ஒண்ணுமில்ல சார், மேடம் படத்தத்தான் முதல் பரிசுக்கு எல்லாரும் சொல்லுதோம். ஒரே ஒரு சந்தேகம். பெருசாப் போட்டுப் பாத்தா மண்ணுல ஒரு நாய் நிழல் கெடக்கு. நாயக் காணோம். அதவிட, இந்தக் குருவி யாரப் பாத்துக் கோவப்படுதுன்னு எங்களுக்குப் புரியல. வரும்போது ஒரிஜினல் ஃபைலக் கொண்டுவரச் சொல்லுங்க. கைய வச்ச படம்னா போட்டில வச்சிருக்க முடியாது."

"கொண்டு வாறோம் சார்" என்று வைத்தான்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் செல்வி.

"சேவ எங்கன்னு கேக்குதாரு."

"எங்கன்னா? படத்துலதான் இருக்கானே."

"இல்ல. நான் எடுத்துட்டேன்."

அவளுக்கு விளங்கவில்லை. செம்பில் தண்ணீரை மொண்டவள் அப்படியே நின்றாள். "எங்க எடுத்தீங்க?"

"படத்துல இருந்து. அழிச்சிட்டேன். நாய் இருந்தாப் போட்டில சேக்க மாட்டாவன்னு..."

"அப்படி ஒண்ணும் இல்லயே! விதி முழுசையும் செம்மலர் வாசிச்சுக் காட்டுனாளே. படத்துல எதையும் சேக்கக் கூடாது, எடுக்கக் கூடாதுன்னுதான போட்டிருந்தது?"

கதவருகே செம்மலர் இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றாள். பாண்டிராஜுக்குச் சொல்ல வேறு பொய் மிச்சமில்லை.

"பொறாமைட்டி" என்றான். "வேறென்ன? இருபது வருசத்துக்கு மேல படம் எடுக்கேன். எவனாவது எம்படத்தப் பாத்து நின்னுருக்கானா? ஆல்பத்தப் புரட்டுதவன் அவன் மூஞ்சியத்தான் தேடுதான். நீ பழைய டப்பாவத் தூக்கிட்டு நாயோட ரெண்டு தெருவு நடந்த, ஊரே நின்னு பாக்கு. எம்புள்ள பாக்கா. பாயி பாக்காரு. நானே மணிக்கணக்கா உக்காந்து பாத்தேன், தெரியுமா? என்னால ஏலல. அந்த நாயி வேற நீதான் எல்லாம்னு உக்காந்திருக்கு. அதப் பாக்கச் சகிக்காமத்தான் அழிச்சேன்."

செல்வி குனிந்து, செம்புத் தண்ணீரைச் சேவுவின் தலையில் மெதுவாக ஊற்றினாள். நுரை கண்ணுக்குள் போகாமல் கையால் அணை கட்டினாள். சேவு உடம்பை உதறியது. பாண்டிராஜின் சட்டையெல்லாம் தண்ணீர். அவன் நகரவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு விட்டிருப்பேன்" என்றாள் கடைசியில். "போட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு இருந்திருப்பேன். எனக்குத் தெரியாம என் படத்துல கைய வச்சிட்டியளே. என்னைக்காவது எம்மேல கோவம் வந்தா என்னையும் இப்படித்தான் எடுத்துருவீங்களா?"

"செல்வி..."

"ஒரிஜினல் இருக்கா?"

பென்டிரைவைக் காட்டினான்.

"நாலு மணிக்கு எட்டயபுரத்துக்கு வாங்க. நீங்கதான் வந்து சொல்லணும். ஒங்களுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன். ஒங்களப் பத்தி நானா உண்மையும் சொல்ல மாட்டேன்."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் துண்டை எடுத்து நாயைத் துவட்ட ஆரம்பித்தாள். கண்ணீர் வந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அதை அவன் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டயபுரத்தில் கூட்டம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். பாண்டிராஜுக்கு அது தாய்வீடு மாதிரி. எந்தச் சுவரில் எந்த பிளக் வேலை செய்யாது என்பதுவரை தெரியும். இந்த மேடைக்கு எத்தனையோ தடவை செருப்போடு ஏறி, மாப்பிள்ளையையே தள்ளி நில் என்று அதட்டியிருக்கிறான். இன்றைக்குப் படிக்கட்டு அவனுக்கு உயரமாக இருந்தது.

மைக்கைப் பிடித்தான். முன் வரிசையில் செல்வி, செம்மலர், சுல்தான் பாய். செம்மலரின் காலடியில் குளித்துப் பளபளத்த சேவு. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவன் ஆல்பத்தில் இருக்கிறவர்கள்.

"இந்தப் படம் எங்க வீட்ல எடுத்தாவ. நல்ல படம். அதுல இருந்த நாய அழிச்சது நான். அவியளுக்குத் தெரியாது. தப்பு என்னோடது." அவ்வளவுதான் சொன்னான். மைக்கை வைத்துவிட்டு மேடை ஓரமாகப் போனான்.

மண்டபத்தில் குசுகுசுப்பு எழுந்தது. ஒருத்தர் சிரிக்கவும் செய்தார். மாரிசெல்வம் சார் மற்ற நடுவர்களோடு கொஞ்ச நேரம் தலையைச் சேர்த்துப் பேசிவிட்டு வந்தார். "வருத்தமாத்தான் இருக்கு. யாரு செஞ்சாலும் விதி விதிதான். இந்தப் படத்தப் போட்டில இருந்து எடுக்கோம்."

எல்லாரும் செல்வியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"பரிசு வேண்டாம் சார். அந்த ஒரிஜினல ஒரே ஒரு தடவ திரைல காட்டுங்க. நான் எடுத்தத நான் பாத்துக்கிடுதேன்."

லைட்டை அணைத்தார்கள். திரையில் படம் விழுந்தது.

பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கிக்கென்று சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். "மாஷா அல்லாஹ்" என்று சுல்தான் பாய் எழுந்தே நின்றுவிட்டார். மாரிசெல்வம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையே அனுப்பியிருக்கலாமே அம்மா" என்று அவர் சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

பாண்டிராஜ் மேடையின் ஓரத்தில் நின்று பார்த்தான். குருவியின் தொண்டைக்குள் இருக்கிற சிவப்புவரை தெரிந்தது. எந்த இடத்தில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் பொறுத்திருந்து எடுத்திருப்பாள் என்று அவன் தொழில் அவனுக்குச் சொன்னது. நல்லாத்தான் எடுத்திருக்கா சண்டாளி என்று நினைத்தான். நெஞ்சு நிறைந்தது. வயிறும் எரிந்தது. தப்பை ஒப்புக்கொண்ட பிறகும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன, ஒன்றும் குறையவில்லை.

கூட்டம் கலைந்தபோது செல்வியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். இவன் கீழே இறங்கி ஓரமாகப் போய் நின்றான். மன்னித்தாளா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த முகத்தைத்தான் அவள் இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிச்சையா அண்ணாச்சி வந்தார். புதூர்ப் பக்கத்தில் நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி. வைகாசியில் இதே மண்டபத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். பந்தல்காரரைப் பார்க்க வந்தவர் கூட்டத்தைக் கண்டு உள்ளே நுழைந்திருக்கிறார். அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப்போவது பாண்டிராஜ்தான், தைமாதமே பேசி முடித்தது. பாண்டிராஜ் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு கும்பிடத் தயாரானான்.

பிச்சையா அவனைத் தாண்டிப் போய்ச் செல்வியின் முன்னால் நின்றார்.

"தாயி, எம்மக கல்யாணத்துக்கு நீ வந்து எடுக்கணும். ஒரு நாயும் குருவியும் இம்புட்டு நல்லா இருக்குன்னா, எம்புள்ளைய நீ எப்படி எடுப்ப!"

"அது அவியகிட்டப் பேசியிருக்கிய அண்ணாச்சி."

"இருக்கட்டும். பாண்டியும் வரட்டும். லைட்டப் பிடிக்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுல்தான் பாய் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தார். செம்மலர் அப்பாவைப் பார்த்தாள். சேவுகூடத் தலையைத் திருப்பி, இரண்டு கண்ணையும் திறந்து அவனைப் பார்த்தது.

செல்வி இப்போது திரும்புவாள் என்று பாண்டிராஜ் காத்திருந்தான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எந்தப் பெரிய பேச்சுக்கும் அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் பதில் சொன்னதில்லை. அது சொந்தக்காரர் வீட்டுச் சம்பந்தம் பேசுகிற விஷயமானாலும் சரி, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற விஷயமானாலும் சரி. திரும்பிப் பார்த்தால் சரி என்று தலையாட்டிவிட வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். உண்மையாகவே நினைத்தான்.

அவள் திரும்பவில்லை.

"முகூர்த்தம் எத்தன மணிக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.